குளத்தங்கரைச் சம்புடம்

மேற்கு மலையின் அடிவாரத்தில், காட்டுக் குளம் ஒன்றின் பக்கத்தில் உலகம்மாளின் குடில் இருந்தது. நிம்மதி தேடி வருகிறவர்களுக்கு அவள் உபதேசம் எதுவும் செய்வதில்லை. கையில் ஒரு குறிப்பைக் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பிவிடுவாள்.

குளத்தைச் சுற்றிப் போகும் ஒற்றையடிப் பாதையில், மரப்பொந்துகளிலும் பாறை இடுக்குகளிலும் மூடி போட்ட சிறு பித்தளைச் சம்புடங்கள் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரைக் கட்டை, கொஞ்சம் மை, ஒரு துண்டுத் துணி. தேடிப் போகிறவர் குறிப்பின்படி நடந்து சம்புடத்தைக் கண்டுபிடித்து, அதிலிருக்கும் முத்திரையைத் தன் துணியில் பதித்துக்கொள்ள வேண்டும். தானே செதுக்கிக் கொண்டுவந்த முத்திரையை அங்கிருக்கும் துணியில் பதிக்க வேண்டும். பிறகு மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

விதி என்று ஒன்றுதான் உண்டு. குறிப்பைக் கேள்வி கேட்கக் கூடாது. யோசித்து யோசித்தே தூக்கத்தைத் தொலைத்தவர்கள்தான் அங்கே வருவார்கள். கொஞ்ச நேரமாவது அந்த மூளை சும்மா கிடக்கட்டும் என்று உலகம்மாள் வைத்த விதி அது.

அவளுடைய மூத்த சீடர் ஆவுடையப்பன். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், அவளுக்கு அப்பா வயது. குரு சீடரை அண்ணாச்சி என்பாள். சீடர் குருவைத் தாயே என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும்.

ஆவுடையப்பனுக்குத் தம் குறிப்புகளைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. "நான் எழுதினதைப் பிடிச்சுக்கிட்டுப் போனா, கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேர்ந்திரலாம்" என்பார். அது உண்மையும்கூட. காலமெல்லாம் சங்கிலி பிடித்து நிலம் அளந்த மனிதர், லேசில் தப்புவாரா?

பங்குனியில் குளம் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது அவர் புதிதாக ஒரு சம்புடம் வைத்தார். அதற்கு எழுதிய குறிப்பு இது: 'மருத மரத்துக்கு முதுகைக் காட்டி, எதிர்க்கரைக் கல்தூணைப் பார்த்து நட. பாறை காலில் தட்டும் வரை நிற்காதே. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பிக் கரையேறு.'

ஐப்பசி மழையில் குளம் நிரம்பியது. உலகம்மாள் உடம்பு சரியில்லாத தங்கையைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தாள். அப்போது இசக்கிமுத்து என்ற பஸ் கண்டக்டர் வந்தார். ஆவுடையப்பன் அவருக்கு விதியைச் சொன்னார், கைக்கு வந்த குறிப்பை எடுத்துக் கொடுத்தார், முத்திரையைச் செதுக்கக் கத்தியும் கொடுத்தார்.

மறுநாள் இசக்கிமுத்துவின் உடல் மிதந்தது. செருப்பு மருத மரத்தடியில் இருந்தது. சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அதன் பையில் அவர் செதுக்கிய முத்திரைக் கட்டை அப்படியே இருந்தது.

அதைப் பார்த்தவுடன் ஆவுடையப்பனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் விசாரிக்க வந்தவர்களிடம், "குளிக்க இறங்கினாரு, வழுக்கிட்டு" என்றார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

உலகம்மாள் திரும்பி வந்த அன்றே இசக்கிமுத்துவின் மனைவி செண்பகமும் வந்து சேர்ந்தாள். குடிலுக்குள் வரமாட்டேன் என்று சொல்லிக் கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். உலகம்மாள் போய்ப் பக்கத்தில் அமர்ந்தாள். ஆவுடையப்பன் சற்றுத் தள்ளி நின்றார்.

"குளிக்க எறங்கினாகன்னு சொல்லுதாக. அவுக வாளித் தண்ணியில குளிக்கிற ஆளு. கோயில் தெப்பக்குளத்துல கால் நனைக்கக்கூட வரமாட்டாக. என்னால நம்ப முடியலைம்மா."

"வேற என்னன்னு நினைக்கே?"

செண்பகம் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். "கிளம்புத அன்னைக்குச் சண்டை. எங்கயாவது போய்த் தொலைங்கன்னு சொல்லிட்டேன். அவுக ஒண்ணும் பேசாம பையை எடுத்துக்கிட்டு வந்துட்டாக. அதுதாம்மா. தெரிஞ்சேதான் எறங்கியிருக்காக. நான்தான் கொன்னுட்டேன்."

உலகம்மாள் அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். ஆவுடையப்பன் குருவைக் குடிலின் பின்பக்கம் கூப்பிட்டார்.

"தாயே, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"வழி எழுதுதவன் ஒரு காலத்தை நினைச்சு எழுதுதான். படிக்கிறவன் வேற காலத்துல வந்து, கண்ணு முன்னால இருக்கிறதைப் பார்க்காம நடந்து விழுந்தா, பழி யாருக்கு?"

உலகம்மாளின் முகம் வெளுத்துவிட்டது.

"எந்தச் சம்புடம்?"

"பங்குனியில நான் வச்சது. குளத்தங்கரைச் சம்புடம்."

"வாங்க. தேடுவோம்."

மருத மரத்தடிக்குப் போனார்கள். உலகம்மாள் மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். எதிர்க்கரையில் கல்தூண் தெரிந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஆவுடையப்பன் பதறிப்போய்ப் பின்னாலேயே இறங்கினார்.

தண்ணீர் கலங்கலாக இருந்தது. முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. சேற்றில் கால் புதைந்து புதைந்து எழுந்தது. ஆவுடையப்பனுக்கு நெஞ்சளவு வந்தபோது அவர் நின்றுவிட்டார். உலகம்மாளும் பக்கத்தில் நின்றாள்.

"பாறை தட்டிட்டா?"

"இல்லை தாயே."

"அப்புறம் ஏன் நின்னுட்டீங்க?"

"கால் வைக்கிற இடம் தெரியலை. ஆழம் தெரியலை."

"நீங்க எழுதின வழிதான?"

"வறண்ட தரையில எழுதினது."

"அளந்து எழுதின உங்களுக்கே அடுத்த எட்டு வைக்கப் பயமா இருக்கு. தண்ணியைக் கண்டாலே நடுங்குத மனுசன் இதுக்கு அப்புறமும் நடந்திருக்காரு. என்ன தைரியத்துல நடந்தாரு?"

ஆவுடையப்பனுக்குப் பதில் தெரியும். தம் குறிப்பை நம்பிய தைரியம் அது. அவமானம் கோபமாகத் திரும்பியது.

"கேள்வி கேட்காம போகணும்கிறது யாரு வச்ச விதி? நானா வச்சேன்?"

"நான் வச்சது."

"அப்போ என்னை மட்டும் எதுக்குத் தண்ணிக்குள்ள இழுத்துட்டு வந்து நிப்பாட்டுதீங்க?"

"உங்களை மட்டுமா நிப்பாட்டியிருக்கேன்?"

அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். உலகம்மாள் குள்ளமான பெண். அவருக்கு நெஞ்சளவு இருந்த தண்ணீர் அவள் கழுத்தைத் தாண்டி மோவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அழுகிறாளா, குளிரா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

கரையிலிருந்து செண்பகம் கத்தினாள். "ஐயா! அம்மாவைக் கூட்டிக்கிட்டு வெளிய வாங்க! ஆழமா இருக்கும்யா! வந்துருங்க!"

அவள் எழுந்து தண்ணீர் ஓரத்துக்கே ஓடி வந்துவிட்டாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். ஆவுடையப்பனால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

"தாயே, நடந்ததைச் சொன்னா அவ என்னைச் சும்மா விடமாட்டா."

"விடமாட்டா."

"போலீசு, கேசுன்னு போகும். இந்த வயசுல என்னால தாங்க முடியாது."

"என்னையும் சேர்த்துத்தான் விசாரிப்பாங்க. குடிலையும் மூடச் சொல்லுவாங்க. சொல்லட்டும்."

"செத்தவரு திரும்பி வரப்போறாரா?"

"வரமாட்டாரு."

ஆவுடையப்பன் கை கூப்பினார். கையிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அப்போ சொல்லாமலே விட்டா என்ன தாயே? அவளும் அழுது ஆறிருவா. ஊரைப் பார்த்துப் போயிருவா."

"போவா. போற வழியெல்லாம் நான்தான் கொன்னேன் நான்தான் கொன்னேன்னு சொல்லிக்கிட்டே போவா. அவ புருசனை நாம தெரியாம அனுப்பினோம், அண்ணாச்சி. இவளைத் தெரிஞ்சே அனுப்பணுமா?"