சராசரிக்கு ஒரு டம்ளர் மோர்

தோல் பதனிடும் ஆலையின் கழிவுத் தொட்டிக்குள் விஷவாயுவை அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கியதுமே அது அலற ஆரம்பித்தது. மேலாளர் வரதராஜன் அசரவில்லை.

“விஷவாயு கூடத்தான் இருக்கு. ஆனா வரம்புன்னு போட்டிருக்கிறது எட்டு மணி நேரச் சராசரிக்குப்பா. பத்து நிமிஷம் இறங்கி அடைப்பை எடு. மிச்ச நேரமெல்லாம் வெளியில உக்காரு. சராசரி தானா இறங்கிடும். மாட்டேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே” என்றார் ஞானப்பிரகாசத்திடம்.

ஞானப்பிரகாசம் தன் அக்காவைப் பார்த்தான். சகாயமேரிக்கு அந்த ஆலையின் கேன்டீனில்தான் வேலை. பதினோரு மணி மோரோடு வந்திருந்தாள்.

“சார் கணக்கு சரிதான். வெயில்ல நிக்கிறீங்க, முதல்ல இதைக் குடிங்க” என்று ஒரு டம்ளரில் தனியாகக் கலக்கி நீட்டினாள்.

ஒரு வாய்தான் குடித்திருப்பார். தூவென்று தரையில் துப்பினார். “என்னம்மா இது, கடலையே கரைச்சு வச்சிருக்கே?”

“டாக்டர் உங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன் உப்புதான்னு சொல்லியிருக்காருல்ல சார்? அதை முழுசா இதுலயே போட்டுட்டேன். மிச்ச நேரமெல்லாம் உப்பில்லாமச் சாப்பிடுங்க. சராசரி சரியாயிடும்.”

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். வரதராஜன் அதட்ட வாயைத் திறந்தார். சகாயமேரி விடவில்லை.

“நாக்குல பட்டதும் துப்பிட்டீங்க சார். உள்ள இழுத்த மூச்சை எந்தம்பி எங்க போய்த் துப்புவான்?”

இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வரதராஜன் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“காத்தடிக்கிற ஃபேனைக் கொண்டாந்து போடுங்க. அளவு இறங்காம ஒருத்தனும் உள்ள போகக் கூடாது” என்றார்.