இல்லாத பருப்பில் பங்கு

அந்தக் காலத்தில் என்று தொடங்கினால், எந்தக் காலத்தில் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சொல்லிவிடலாம்: துவரம்பருப்பும் புளியும் அடுப்படிக்கு வந்துவிட்ட, மிளகாய் இன்னும் கடல் தாண்டி வந்து சேராத காலம். விலங்குகள் மனிதரோடு பேசின. பேசும்போது பெரும்பாலும் குறைதான் கூறின. குழந்தைகளை உடம்பில் எங்கே தொட்டாலும் ஒன்றுதான். அக்குளுக்கென்று தனியாக ஒரு கூச்சம் அப்போது இருக்கவில்லை.

ஒரு கண்மாய்க் கரையின் மேட்டில் உலகன் என்பவனின் வீடு இருந்தது. சரியாகச் சொன்னால், அது அவன் மனைவி மாரக்காளின் வீடு. அவன் வீட்டோடு வந்த மாப்பிள்ளை. கண்மாய்க்குள், கரையிலிருந்து கல்லெறி தூரத்தில், இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் அடியில்தான் மடை. மடையின் துவாரத்தைப் பெரிய மரத்தக்கை ஒன்று அடைத்திருக்கும். வெள்ளம் மிஞ்சும்போது மூழ்கிப்போய் அந்தத் தக்கையைப் பிடுங்கிவிடுவது மாரக்காள் குடும்பத்தின் வேலை. அவள் அப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லை. மூச்சின் நீளம் மகளுக்கு வந்திருந்தது. பெண்பிள்ளை மடையில் இறங்குவதா என்று ஊர் முதலில் முணுமுணுத்தது. ஒரு பெருவெள்ளத்தில் அவள் ஊரைக் காப்பாற்றிய பிறகு முணுமுணுப்பை நிறுத்திக்கொண்டது. உலகனுக்கு நீச்சல் தெரியாது. ஓலைப்பெட்டி முடைவான், சோறு பொங்குவான், எல்லாவற்றையும் பற்றி ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பான்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை நான்கு நாளாக விடவில்லை. உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கில் எவ்வளவு வழிந்தும் போதவில்லை. கண்மாய் கரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஊர் முழுக்கக் கரையில் நின்று மண்ணும் பனைமட்டையுமாகப் போட்டுக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் காலையில் மாரக்காள் சேலையை இழுத்துக் கட்டிக்கொண்டு, இரண்டு வயது மகள் சின்னியைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"என் மூச்சு நூறு எண்ணுற வரைக்கும் நிக்கும். இவ அழுகை காதுல விழுந்துச்சுன்னா முப்பதுக்கு மேல நிக்காது. தக்கை ஊறிப்போய்க் கெடக்கு, ஒரு முங்குல வராது. இவள அழவிடாமப் பாத்துக்கங்க. அது போதும்."

தண்ணீருக்குள் காது கேட்குமா என்று உலகன் கேட்டான். அவன் அப்படிப்பட்டவன்தான். உள்ளே போனபின் கேட்காது, ஆனால் போவதற்கு முன்னால் கேட்டது கூடவே வரும் என்று சொல்லிவிட்டு அவள் மழைக்குள் இறங்கிப்போனாள்.

ஒரு சின்னப் பிள்ளையை அழாமல் பார்த்துக்கொள்ள என்ன பெரிய வித்தை வேண்டும் என்று உலகன் நினைத்தான். அப்படி நினைத்தவர்களில் அவன் முதல் ஆள். கடைசி ஆள் இன்னும் பிறக்கவில்லை. வீட்டில் இருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் எடுத்துக் குழந்தையின் முன்னால் பரப்பினான். புளியங்கொட்டை ஒரு குத்து. கவிழ்த்துத் தட்டினால் மழைபோலச் சத்தம் போடும் முறம். அடுக்குவதற்குக் கொட்டாங்கச்சி. கூரை ஒழுகித் தேங்கிய குட்டையில் மிதக்கவிடத் தென்னம்பாளை ஓடம், அதில் ஏறிப் போகச் சோளத்தட்டையில் ஒரு ராஜா. போதாததற்கு ஓலையில் காற்றாடி ஒன்றும் பாம்பு ஒன்றும் முடைந்து போட்டான். காசு செலவில்லாமல் ஒரு மழைக்காலத்தையே தள்ளக்கூடிய சொத்து அது. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, ஒன்று சலித்தபின் இன்னொன்றை நீட்டியிருந்தால் சாயங்காலம் வரை ஓடியிருக்கும். எல்லாம் ஒன்றாகக் கிடக்கவே, சின்னி ஒவ்வொன்றையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். ராஜாவின் தலையைக் கடித்தாள். அடுப்புச் சாம்பல் ஆறுவதற்குள் எல்லாமே பழசாகிவிட்டன.

உலகன் வாசல் வழியே பார்த்தான். மாரக்காள் இரண்டு முறை முங்கி எழுந்து கல்தூணின் மேல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த முங்கலுக்கு மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். முகம் வீட்டைப் பார்த்தே இருந்தது.

அப்போது, பாத்திரம் கழுவும் தண்ணீர் வெளியேறும் அங்கணக்குழி வழியாக ஒரு நண்டு உள்ளே வந்தது. கரையில் வளை வைத்திருந்த நண்டு. வளைக்குள் தண்ணீர் ஏறிவிட்டதாம். அது சொல்லி முடிப்பதற்குள் வாசலில் ஒரு நரி வந்து நின்று உடம்பை உதறியது. அதன் புதருக்குள்ளும் தண்ணீர்.

உலகனுக்கு இரண்டின் மீதும் வழக்கு இருந்தது. கரை இளகியதற்குப் பாதிக் காரணம் நண்டு தோண்டிய வளை. போன மாதம் காணாமல் போன செவலைக் கோழிக்கு முழுக் காரணம் நரி. ஆனால் சின்னி நரியின் வாலைப் பார்த்து உதட்டுப் பிதுக்கலை நிறுத்தியிருந்தாள். எனவே அவன் ஒரு நிபந்தனை போட்டான்: நரி நண்டைத் தின்னக்கூடாது, நண்டு யாரையும் கடிக்கக்கூடாது, பிள்ளை அழக்கூடாது, அழுதால் இரண்டும் மழையில்.

வால் சிறிது நேரம் தாங்கியது. பிறகு நரி தாங்கவில்லை.

"மாமா, பிள்ளைக்குப் பசிக்குதுபோல," என்றது, வாலை மெல்ல உருவிக்கொண்டே.

அது உண்மைதான். சட்டியில் ஒரு கரண்டிப் பருப்பு இருந்தது. உலகன் அதைக் கடைந்து சோற்றில் பிசைந்து ஊட்டினான். சின்னி உண்டாள், இன்னும் வேண்டும் என்றாள். சட்டியைக் கவிழ்த்துக் காட்டினான். கவிழ்த்த சட்டியை அவள் நம்பவில்லை. மத்தை எடுத்து அவன் கையில் வைத்துக் கடையச் சொன்னாள். வெறும் சட்டியில் கடைந்தால் உடையும். அது வீட்டில் இருந்த ஒரே நல்ல சட்டி. அதனால் அவள் உள்ளங்கையை விரித்து, அதைச் சட்டி என்று சொல்லி, தன் முழங்கையை அதில் வைத்து மத்துப்போலத் திருகினான்.

சின்னி தன் கையையே உற்றுப் பார்த்தாள். பருப்பு கடையப்பட்டது. அடுத்து பங்கு. கட்டைவிரல் அம்மாவுக்கு என்று மடக்கினான். சுட்டுவிரல் தனக்கு, நடுவிரல் சின்னிக்கு. நான்காவது விரல் மழைக்கு, வாங்கிக்கொண்டு நிற்கட்டும் என்று. சுண்டுவிரல் செவலைக் கோழிக்கு. இதைச் சொல்லும்போது நரியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிறகு சட்டியைக் கழுவிக் கொட்டுவதுபோல அவள் கையைத் துடைத்தான்.

நரிக்கு அது பொறுக்கவில்லை. "மாமா, இல்லாத பருப்புதான அது? அதுல எனக்கு ஒரு துளி வச்சா உனக்கு என்ன கொறஞ்சிரும்?"

"போன மாசம் எனக்குக் கொறஞ்சது ஒனக்குத் தெரியாதா லே?" என்றான் உலகன். "அஞ்சு வெரலுக்கும் ஆள் வந்தாச்சு. சட்டியும் கழுவியாச்சு."

நண்டு ஒரு கணக்குப் போட்டது. அது எதையும் ஓரமாகவே யோசிக்கும். கடைந்தால் பருப்பு தெறிக்கும். தெறித்தது சட்டிக்கு வெளியேதான் விழுந்திருக்கும். சட்டி உள்ளங்கை என்றால் வெளியே என்பது மேலே. யாரும் துடைக்காத இடம் அது. ஆகையால் அங்கே பருப்பு மிச்சம் இருக்க வேண்டும். நியாயமான முடிவுதான். பருப்பு மட்டும்தான் இல்லை.

நண்டு ஒரே தாவலில் சின்னியின் உள்ளங்கையில் ஏறி, மணிக்கட்டைக் கடந்து, முழங்கை மடிப்பில் நின்று தேடிவிட்டு மேலே ஊர்ந்தது. நண்டு தனியாகத் தின்றுவிடும் என்ற பயத்தில் நரியும் முன்னங்கால்களைக் குழந்தையின் கையில் மெத்து மெத்தென்று வைத்துப் பின்னாலேயே ஏறியது. நரியின் மூச்சு முதுகில் பட்டதும் நண்டு நிபந்தனையை மறந்தது, பருப்பை மறந்தது. ஒளிய ஓர் இடம் தேடி நேரே அக்குளுக்குள் நுழைந்து எட்டுக் காலையும் உதறியது.

உலகன் கையை ஓங்கினான். குழந்தையை நண்டு கடித்துவிட்டது என்றே நினைத்தான்.

சின்னி சிரித்தாள். அதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சிரிப்பு. உடம்பு முழுவதும் குலுங்கி, மூச்சு வாங்கி, கழுத்தைச் சுருக்கி, இன்னும் வேண்டும் என்று மறுபடி கையை நீட்டுகிற சிரிப்பு. அது மழையைத் தாண்டி வெளியே போயிற்று. கல்தூணின் மேல் இருந்த மாரக்காள் தலையைத் திருப்பினாள். பிறகு நிதானமாக மூச்சை இழுத்து, முங்கினாள்.

உலகன் எண்ணினான். எண்பத்தைந்தில் அவள் மேலே வந்தாள். ஒரு கையை உயர்த்தி ஆட்டினாள்: தக்கை அசைந்திருக்கிறது.

அவனுக்கு வந்த சந்தோஷத்தில் மனசு தாராளமாகிவிட்டது. இவ்வளவு உதவி செய்தவர்களைப் பட்டினி போடலாமா? மறுபடியும் சின்னியின் கையில் பருப்பு கடைந்தான். இந்த முறை மழைக்கு வைத்த விரலை நண்டுக்குக் கொடுத்தான், கோழியின் விரலை நரிக்குக் கொடுத்தான். பழசை எல்லாம் மறந்துவிட்டதாகவும் சொன்னான்.

நண்டு தன் பங்கை வாங்கிக்கொண்டு அங்கணத்து ஓரமாக உட்கார்ந்து, இரண்டு கொடுக்காலும் வாயைத் துடைத்துத் துடைத்துத் தின்றது. நரி இல்லாத பருப்பை நக்கிவிட்டு, உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்லி, காலை நீட்டிப் படுத்தது. இருவருக்கும் வயிறு நிறைந்துவிட்டது.

சின்னி கையை நீட்டியபடியே இருந்தாள். யாரும் ஏறவில்லை. நண்டைப் பார்த்தாள். நரியைப் பார்த்தாள். அப்பனைப் பார்த்தாள். கீழுதடு மெல்ல முன்னால் வந்தது.

வெளியே கரையில் ஆட்கள் கத்தினார்கள். ஓரிடத்தில் கசிவு கண்டுவிட்டது. மண்ணை அள்ளிக்கொண்டு எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். கல்தூணில் மாரக்காள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவளிடம் இன்னும் ஒரு முங்கலுக்குத்தான் தெம்பு இருந்தது. அது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

உலகன் நண்டைக் கெஞ்சினான். ஒரு தடவை ஏறி இறங்கினால் போதும் என்றான். சாப்பிட்டவுடன் ஏறக்கூடாது என்றது நண்டு. நரி கண்ணைத் திறக்கவே இல்லை. சின்னியின் மூக்கு விடைத்தது. அழுகை தொண்டைவரை வந்துவிட்டது.

அப்போதுதான் உலகனுக்கு விளங்கியது. சின்னியின் கையில் நண்டுக்கும் நரிக்கும் மடங்கிக் கிடந்த இரண்டு விரல்களையும் பிடித்து நிமிர்த்தினான்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் பங்கு கெடையாது," என்றான். "வச்சத எடுத்துட்டேன். கோழிக்கும் மழைக்குமே திருப்பிக் குடுத்துட்டேன்."

நண்டு வாய் துடைப்பதை நிறுத்தியது. "எலையில போட்டத எடுக்கிற வீடா இது?"

"ஆமா, அந்த வீடுதான்."

"அப்படின்னா தெறிச்சதாவது எங்களுக்கு," என்று சொல்லி நண்டு பாய்ந்து கையில் ஏறியது. நரியும் துள்ளி எழுந்து, தன் பங்கைப் பிடுங்கிக்கொண்டவனைத் திட்டிக்கொண்டே பின்னால் ஏறியது. மணிக்கட்டு, முழங்கை, அதற்கு மேல். அவை போய்ச் சேருவதற்குள்ளேயே, வருகிறது என்று தெரிந்தே, சின்னி சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

மாரக்காள் முங்கினாள்.

வீட்டுக்குள் ஒரே சிரிப்பும் சண்டையும். உலகன் மட்டும் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். எழுபது. எண்பது. சிரிப்பு நின்றுவிடாமல் இருக்க, திரும்பிப் பார்க்காமலே, பங்கு கிடையாது பங்கு கிடையாது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நூறு. நூற்றுப் பத்து. தூண்களுக்கு நடுவே தண்ணீர் வெறுமனே கிடந்தது. மழை அதன் மேல் புள்ளி குத்திக்கொண்டிருந்தது. நூற்று இருபதில் அவனுக்கு எண் மறந்துபோயிற்று. அதற்கு அடுத்த எண் என்ன என்று அவன் தேடிக்கொண்டிருந்தபோது, தூண்களுக்கு நடுவே ஒரு சுழி விழுந்தது. கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தது. மாரக்காளின் தலை மேலே வந்தது.

அவள் வீட்டுக்கு வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்து, அது என்ன சத்தம் என்று கேட்டாள். பிள்ளை எப்படி அப்படிச் சிரித்தது, முங்கும்போது அது கூடவே வந்தது, அதனால் மூச்சு தீரும் என்றே தோன்றவில்லை என்றாள். உலகன் விளக்கத் தொடங்கினான். அது நீளமாகப் போயிற்று. அதற்குள் சின்னி அம்மாவின் ஈரக் கையை இழுத்து விரித்து, தன் சின்ன முழங்கையை வைத்துத் திருகினாள். பங்கு வைத்தாள், துடைத்தாள். நண்டும் நரியும் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்ததால், தன் விரல்களையே நண்டாகவும் நரியாகவும் ஊரவிட்டாள். மாரக்காள் ஐந்து நாளாகச் சிரித்திருக்கவில்லை. முதுகு சுவரில் இடிக்கச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம், யாரும் பார்க்காதபோது, உலகன் தன் கையைத் தானே கடைந்து, தன் அக்குளில் தானே விரல்விட்டுப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்த நரி, "ஒனக்கு நீயே எப்படி மாமா பங்கு இல்லைன்னு சொல்ல முடியும்?" என்றது. இன்றைக்கும் தனக்குத்தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள யாராலும் முடிவதில்லை.

மழை விட்டதும் இனிமேல் கரையில் வளை தோண்ட மாட்டேன் என்று நண்டும், கோழிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று நரியும் வாக்குக் கொடுத்துவிட்டுப் போயின. இரண்டு வாக்குகளும் என்னவாயின என்பதை எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார்.

பிள்ளைகளின் அக்குளில் சிரிப்பு குடியேறியதும், மழை பிடித்துக்கொண்ட நாட்களில், சட்டியில் பருப்பு இருக்கிற வீட்டிலும் இல்லாத வீட்டிலும், சின்ன உள்ளங்கைகளில் பருப்பு கடையப்படுவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். அம்மாவுக்கு வைப்பார்கள், அப்பாவுக்கு வைப்பார்கள், அக்கம்பக்கத்தில் நினைவுக்கு வருகிற எல்லோருக்கும் வைப்பார்கள். நண்டுக்கும் நரிக்கும் மட்டும் இன்றுவரை ஒருவரும் பங்கு வைத்ததில்லை. வைத்துவிட்டால் அவை மேலே ஏறி வராது.