குருவி பூட்டிவைத்த தளம்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் தூக்கணாங்குருவி ஒன்று இருந்தது. கூடு பின்னுவதில் மட்டுமா கெட்டிக்காரி? கேட்டவர்களுக்கெல்லாம் இணையதளமும் கட்டித் தரும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு! ஆனால் குழந்தைகளே, அதற்குத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

ஒருநாள் ஆற்றங்கரை நீர்நாய் அதைத் தேடி வந்தது.

"தங்கச்சி, ஆற்றில் வெள்ளம் ஏறுவது எனக்குத்தான் முதலில் தெரியும். இன்றைக்குக் கடக்கலாமா, கூடாதா என்று போட ஒரு தளம் கட்டிக்கொடு. அக்கரைக்கு மேயப் போகும் மான்கள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்."

குருவியின் கூட்டாளி அணில் சொன்னது: "அப்படியானால் அண்ணனே எழுதி மாற்றுகிற எளிய மென்பொருளில் கட்டுவோம். பார்வைக்குச் சுமார்தான். ஆனால் அவருக்குக் கைவரும்."

"சும்மா இரு! அந்த அழுமூஞ்சித் தளத்தைப் பார்த்தால் என் பெயர் என்னாவது? நான் பழகிய மென்பொருளில்தான் கட்டுவேன்."

"அதில் ஒரு வரி மாற்றவும் நீதானே வர வேண்டும்?"

"வருகிறேன். கண்டவர் கைவைத்தால் எல்லாம் கோணிக்கொள்ளும். அண்ணே, ஒரு குரல் கொடுங்கள், பறந்து வந்துவிடுகிறேன்."

கடவுச்சொல்லையும் குருவி தன்னிடமே வைத்துக்கொண்டது. நீர்நாய்க்கு மனம் ஒப்பவில்லை. இருந்தாலும், விவரம் தெரிந்தவள் சொல்கிறாளே என்று தலையாட்டிவிட்டது.

குருவி சொன்னபடியே கூப்பிட்டபோதெல்லாம் வந்தது. மான்களும் கைபேசியில் தளத்தைப் பார்க்காமல் ஆற்றில் கால்வைப்பதில்லை என்றாகிவிட்டது.

தினை விளைந்தது. குருவி மலைக்கு அப்பால் இருந்த கொல்லைக்குத் தினை கொத்தப் போனது. அன்று பார்த்து மலையில் பேய்மழை! மேலாற்றில் செந்நீர் பொங்கியது; மான்கள் இறங்கும் துறைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. தளமோ, "இன்று கடக்கலாம்" என்றே பூப்போட்ட எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

நீர்நாய் குருவியை அழைத்து அழைத்துப் பார்த்தது. கொல்லையில் சிக்னல் இல்லை. அணிலிடம் ஓடியது.

"கடவுச்சொல் என்னிடம் இல்லையே அண்ணே!" என்று அணில் கையைப் பிசைந்தது.

இருவரும் கத்திக்கொண்டே மான்துறைக்கு ஓடினார்கள். அதற்குள் மான்கள் இறங்கிவிட்டன; வெள்ளமும் வந்துவிட்டது. பெரியவை எப்படியோ நீந்திக் கரையேறின. ஒரு குட்டியை மட்டும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நீர்நாய் மூழ்கி மூழ்கித் தேடியது. கிடைக்கவில்லை.

குருவி திரும்பி வந்தபோது தாய்மான் கரையில் நின்றுகொண்டிருந்தது.

"உன் தளத்தைப் பார்த்துத்தான் பிள்ளையை இறக்கினேன்," என்றது.

குருவி கதறி அழுதது. அழுது என்ன, போன குட்டி வருமா? தளத்தை அப்படியே பிரித்துப் போட்டது. அணில் சொன்ன மென்பொருளில் புதிதாகக் கட்டி, கடவுச்சொல்லை நீர்நாயிடம் கொடுத்தது.

"அண்ணே, நான் தொட மாட்டேன். நீங்களே எழுதுங்கள்."

நீர்நாய் தடவித் தடவி எழுதியது: "இன்று யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம்."

தாய்மான் அதைப் படித்தது. பிறகு தனியாகக் காட்டுக்குள் திரும்பி நடந்தது.

நீதி: பிறருக்குக் கட்டிக் கொடுப்பதை அவர்களே ஆளும்படி கட்டிக் கொடுக்க வேண்டும்.