மாசானம் தலைமையில் எரிந்த வைக்கோல்போர்

நொச்சிமேட்டில் யாரும் யோசிக்காமல் ஒரு காரியம் செய்யமாட்டார்கள். யோசித்துவிட்டால் அதற்கப்புறம் செய்யவே மாட்டார்கள்.

ஒருநாள் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பாடம் நடத்தினார். “தீப்பிடித்த இடத்தில் ஒரே ஒரு தலைவர்தான் இருக்க வேண்டும். அவர் வாளியைத் தொடக்கூடாது. மொத்த இடமும் கண்ணுக்குத் தெரியும்படி தள்ளி நிற்க வேண்டும். அவர் சொல்லாமல் யாரும் எதுவும் செய்யக்கூடாது.”

ஊரே தலையாட்டியது. மாசானத்தைத் தலைவராக்கிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

மறுவாரம், பட்டப்பகலில், மாசானத்தின் வைக்கோல்போரே தீப்பிடித்தது. அவருடைய இரண்டு மாடுகளுக்கும் வருஷம் முழுக்க அதுதான் தீனி. வாளியோடு ஓடியவரைப் பக்கத்து வீட்டு ஒச்சப்பன் மறித்தார்.

“தலைவரே, வாளியைக் கீழே வையுங்க.”

“யோவ், எரியிறது என் வைக்கோலுய்யா!”

“யார் வைக்கோலா இருந்தா என்ன? தலைவருன்னா வேண்டியவன், வேண்டாதவன்னு பாக்கக்கூடாது.”

மாசானத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வாளியை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். போர் தெரிந்தது, கிணறு தெரியவில்லை. இன்னும் தள்ளிப் போனார். கிணறு தெரிந்தது, மாட்டுக்கொட்டகை மறைந்துவிட்டது. கடைசியில் ஊருக்கு வெளியே இருந்த கரட்டின் உச்சிக்கே ஏறிவிட்டார். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. அவர் கத்தியதுதான் கீழே குடங்களோடு நின்ற நாற்பது பேருக்கும் கேட்கவில்லை.

“தலைவர் கையை ஆட்டுறாரே, என்னவாம்?” என்றார் பூவலிங்கம்.

“நாமளா முடிவெடுத்தா தப்பாயிடும். போய்க் கேட்டுட்டு வந்துருவோம்” என்றார் ஒச்சப்பன்.

“ஒருத்தர் போனா போதாதா?”

“எந்த ஒருத்தர்னு தலைவர் சொல்லலையே.”

ஆகவே நாற்பது பேரும் நிறைகுடங்களோடு கரடு ஏறினார்கள்.

“தண்ணிய ஊத்துங்கடா!” என்று அலறினார் மாசானம்.

நாற்பது பேரும் ஊற்றினார்கள். கரடு நன்றாக நனைந்தது.

அதற்குள் மாசானத்தின் மனைவி வெள்ளத்தாய், மாட்டுத் தொட்டியில் இருந்த கழுநீரை மொண்டு மொண்டு ஊற்றித் தீயை அணைத்து, பாதிப் போரைக் காப்பாற்றியிருந்தாள். இறங்கி வந்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

“யார் சொல்லி அணைச்சே?” என்றார் ஒச்சப்பன்.

“எவன்டா சொல்லணும்?” என்றாள் வெள்ளத்தாய்.

“கேட்டீங்களா தலைவரே? உத்தரவில்லாம அணைச்சா அது எப்படிச் செல்லும்? நாளைக்கு அதிகாரி வந்து கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்.”

மாசானம் மிச்சமிருந்த வைக்கோலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். வெகுநேரம் யோசித்தார்.

“பத்த வையுங்க” என்றார். “முதல்ல இருந்து வருவோம்.”

அன்றைக்கு அவர் போட்ட உத்தரவுகளில், சரியான இடம் பார்த்து ஊர் நிறைவேற்றியது அது ஒன்றைத்தான்.