துரைக்கண்ணு சார் கடைசி வரை பார்த்த வீடியோ

கணினிப் பயிற்சிக்கு வரச்சொன்னபோதே அமலோற்பவம் டீச்சருக்குப் பயம் வந்துவிட்டது. பயிற்சி அதிகாரி துரைக்கண்ணு அப்படிப்பட்ட ஆள். ஆசிரியர்கள் முட்டிமோதிச் செய்த வீடியோ பாடம் எதையும் அரை நிமிடத்துக்கு மேல் பார்க்க மாட்டார். கொட்டாவி விட்டு நிறுத்தச் சொல்லிவிடுவார்.

“சாயங்காலத்துக்குள்ள ஆளுக்கொரு வீடியோ. நான் கண்ணை எடுக்காம கடைசி வரைக்கும் பார்க்கணும். இல்லேன்னா மறுபடியும் முதல்லேர்ந்து பயிற்சிதான்!”

மறுபடியும் என்றால் கோடை விடுமுறை போச்சு. எதை எடுப்பது என்று டீச்சர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. செல்போனில் சார்ஜ் வேறு இறங்கிக்கொண்டே வந்தது. அதிகாரியோ மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் பெருமையை அளந்துவிட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று டீச்சர் செல்போனை உயர்த்திப் பிடித்தார்.

சாயங்காலம் ஒவ்வொருவர் வீடியோவும் பாதியில் நின்றது. கடைசியாக டீச்சருடையது. ஓடவிட்டார். திரையில் துரைக்கண்ணு சார்! பேசுகிறார், கையை வீசுகிறார், தலையைக் கோதுகிறார். பார்த்துக்கொண்டிருந்தவரும் தலையைக் கோதிக்கொண்டார். கொட்டாவியே வரவில்லை. முடிந்ததும், “இன்னொரு தடவை போடுங்க” என்றார்.

“அப்போ நான் தேறிட்டேனா சார்?”

“பின்னே? கண்ணை எடுக்கவே முடியலையேம்மா! இந்த வித்தையை எங்கே பிடிச்சீங்க?”

“எங்க ஆறாம் வகுப்புலதான் சார். அவங்கவங்க முகம் திரையில வந்தா பிள்ளைங்க அசையவே மாட்டாங்க. சின்னப் பிள்ளைங்க மட்டும்தான் அப்படின்னு இவ்வளவு நாளா நினைச்சிட்டிருந்தேன்.”