ஆளில்லாத கரை

"ஒரு மணி நேரமா நிக்கேன். ஒரு படம் எடுக்க விட மாட்டேங்காங்க," என்றார் பொன்னுலிங்கம்.

"யாரு?" என்று கேட்டாள் வியாகுலம்.

"எல்லாரும்தான். மீன் காயப்போடுத பொம்பளைங்க. கிழிஞ்ச வலை அடைக்கிறவங்க. அது போதாதுன்னு ஒரு நாய்."

பொன்னுலிங்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பழகியவர். மகள் வாங்கிக் கொடுத்த கேமரா அவருடைய உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை வைத்துக் கடற்கரையைப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள, பக்கத்து டவுனிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார்.

வியாகுலம் அந்த மீனவ ஊரின் போட்டோக்காரி. கல்யாணம், ஞானஸ்நானம், புது நன்மை, சாவு எல்லாவற்றுக்கும் அவள்தான். வயதில் அவருடைய மகளைவிடச் சின்னவள். அவர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். முதல் வாரம் கேலியாக ஆரம்பித்தது. அப்புறம் நிஜமாகவே பழகிவிட்டது.

"உங்களுக்கு என்ன படம் வேணும் அண்ணாச்சி?"

"கடல். மணல். வானம். மூணே மூணு. சுத்தமா இருக்கணும்."

வியாகுலம் தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய கேமராவுக்கு நேர் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். ஒரு பொட்டலத்தைப் பிரித்து வேர்க்கடலை உரிக்க ஆரம்பித்தாள்.

அவர் காத்திருந்தார். அவள் உரித்துக்கொண்டே இருந்தாள்.

"கொஞ்சம் ஒதுங்குங்க டீச்சர்."

"எங்க?"

அவர் இடப்பக்கம் காட்டினார். அங்கே ரோசிலி என்ற பெண் மீன் பரப்பிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் காட்டினார். அங்கே இரண்டு பேர் வலையை விரித்துப் பிய்ந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் காட்டினார். அது கடல்.

கடலை தீர்ந்ததும் அவள் எழுந்து, தோலைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் பாடமா என்று பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை பொருமினார் பொன்னுலிங்கம்.



மற்றபடி பாடங்கள் ஒழுங்காகவே நடந்தன.

அவருடைய முதல் படத்தைப் பார்த்து, "கடல் சாய்ஞ்சிருக்கு அண்ணாச்சி, தண்ணி பூரா வடிஞ்சிரும்," என்றாள். அன்றிலிருந்து அவர் படத்தில் கடல் சாயவில்லை.

வெள்ளை மணல் சாம்பல் நிறத்தில் விழுகிறதே என்றார். வெளிச்சம் கூடினால் இந்தச் சின்ன கேமரா பயந்து இருட்டாக்கிவிடும், கூட்டல் குறியை இரண்டு தரம் அழுத்துங்கள் என்று காட்டிக் கொடுத்தாள். மணல் வெளுத்தது.

மனுஷர் கெட்டிக்காரர்தான். ஒரு தரம் சொன்னால் போதும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் மண்டையில் ஏறவில்லை. தினமும் ரோசிலியிடம் போய், கொஞ்சம் அந்தப் பக்கம் போகக் கூடாதா என்று கேட்பார்.

ரோசிலி புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். அந்த மணலில் மீன் காயப்போட்டுத்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் போல அங்கே இன்னும் முப்பத்தெட்டுப் பேர். பெரிய வாத்தியார் சொல்கிறாரே என்று அவள் பாதி காய்ந்த சாளை மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டு நகர்ந்து போவாள். அவர் கேமராவை உறையிலிருந்து எடுப்பதற்குள் இன்னொருத்தி வந்து அதே இடத்தில் பரப்பிவிடுவாள்.

அவருக்கு ரத்தம் கொதிக்கும். இவ்வளவு நீளக் கடற்கரையில் உங்களுக்கு வேறு இடமே இல்லையா என்று கத்துவார். அவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலமே கருவாட்டை அள்ளி, மணலைப் பெருக்கி, வலைகளையும் வள்ளங்களையும் மாதா கோயிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுவார்கள். மறுநாள் காலையில் ஊர் முழுக்கப் பூசையில் இருக்கும்.

அவர் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்தார்.

கடல், மணல், வானம். நாய்கூட இல்லை.



படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போய் வியாகுலத்திடம் நீட்டினார். அவள் வெகு நேரம் பார்த்தாள்.

"எப்படி டீச்சர்?"

"கடல் நேரா இருக்கு. மணல் வெளுப்பா இருக்கு."

"அப்புறம்?"

"ரோசிலி எங்க?"

"அவ எதுக்கு? அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. கோயில்ல இருந்திருப்பா."

வியாகுலம் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த ஒருவருக்குத் தலை சீவச் சீப்பு எடுத்துக் கொடுக்கப் போனாள். ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

பொறாமை என்று நினைத்தார் அவர். அப்படித்தான் நினைப்பார்கள் நம் ஆட்கள்.

மாவட்ட அளவில் நடந்த ஒரு போட்டிக்கு அந்தப் படத்தை அனுப்பினார். முதல் பரிசு வந்தது. பேப்பரிலும் போட்டார்கள். ஒரு வாரத்தில் ஒரு கம்பெனிக்காரர் வீடு தேடி வந்து, எவ்வளவு அருமையான படம், எங்கள் புத்தகத்தில் போட்டுக்கொள்ளலாமா சார் என்று கேட்டார். பொன்னுலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. என்ன புத்தகம் என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்ன வாய் அது.



மூன்று மாதம் கழித்து அந்த ஊர்ச் சமுதாயக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது.

அந்தக் கரையில் ஒரு சொகுசு விடுதி வரப்போகிறதாம். சம்மதமா என்று ஊராரைக் கேட்க ஓர் அதிகாரி வந்திருந்தார். அதே கம்பெனிக்காரர் எழுந்து அறிக்கையை வாசித்தார். மேற்படி கடற்கரை எவராலும் பயன்படுத்தப்படாத வெற்று மணற்பரப்பு என்று அதில் எழுதியிருந்தது. ஆதாரமாகத் திரையில் ஒரு படம் விழுந்தது.

கடல் நேராக இருந்தது. மணல் வெளுப்பாக இருந்தது. கீழே பொன்னுலிங்கத்தின் பெயரும், முன்னாள் தலைமையாசிரியர் என்ற பட்டமும், முதல் பரிசு என்ற வார்த்தையும் இருந்தன.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் முப்பத்தொன்பது பெண்களை மறைத்துவிட்டார்கள். அதற்குச் சோறு வடித்துக் கொடுத்தவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ரோசிலி திரையைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

வியாகுலம் எழுந்து தன் படங்களைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள். மணல் நிறைய மீனும் பெண்களுமாக இருந்த படங்கள். கம்பெனிக்காரர் அவற்றை விரல் நுனியால் தள்ளினார். இந்தம்மா இந்த ஊர்க்காரர், ஆளை நிறுத்தி எப்போது வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம், எங்கள் படமோ வெளியூர்ப் பெரிய மனிதர் ஒருவர் எடுத்தது என்றார்.

பொன்னுலிங்கம் எழுந்தார்.

"அது நான் எடுத்த படம்தான் சார். ஞாயித்துக்கிழமை எடுத்தது. மத்த ஆறு நாளும் இவங்க அங்கதான் இருக்காங்க. நான் பாத்திருக்கேன்."

"பார்த்தீங்க, சரி. எடுத்தீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

அவர் கேமராவில் ஆயிரம் படம் இருந்தது. ஒன்றில்கூட ஓர் ஆள் இல்லை.

அதிகாரி டைரியைப் புரட்டினார். நேரில் வந்து பார்த்துவிடுகிறேன், வார நாளில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி என்றார். ஞாயிறு வேண்டாம் என்று முப்பத்தொன்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் ஃபைலைக் கட்டிவிட்டார்.

கம்பெனிக்காரர் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டார். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை அவருக்கு.



பொன்னுலிங்கம் நேரே கரைக்குப் போனார். இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன் பரப்புங்கள், அதிகாரி கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று ரோசிலியிடம் சொன்னார்.

"மாட்டோம் சார்," என்றாள் ரோசிலி.

"ஏன்?"

"ஞாயித்துக்கிழமைல்லா."

அவர் கெஞ்சினார். அதட்டினார். இருக்கிற இடமே பறிபோகும்போது கிழமை பார்க்கிறீர்களே என்று சத்தம் போட்டார். அவள் கூடையை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு நடந்தாள்.

அதே கோபத்தோடு வியாகுலத்தின் கடைக்கு வந்தார். பாஸ்போர்ட் போட்டோக்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள் அவள்.

"என்ன பிடிவாதம் டீச்சர் இது? ஒரே ஒரு நாள். அவங்களுக்காகத்தானே நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்துதேன்?"

வியாகுலம் கத்தரியைக் கீழே வைத்தாள். அவள் குரல் உயர்ந்து அவர் அதுவரை கேட்டதில்லை.

"உங்க படத்துக்கு வேண்டாம்னு அவங்கள ஒதுங்கச் சொன்னீங்க. இப்ப உங்க படத்துக்கு வேணும்னு வந்து நிக்கச் சொல்லுதீங்க. அவங்க என்ன, நீங்க எடுத்து வைக்கிற சாமானா?"

அவருக்குக் காது இரண்டும் சுட்டன.

"அப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"கேமராவோட வாங்க."

"எதை எடுக்க? ஞாயித்துக்கிழமை அங்க ஒண்ணுமே இருக்காதே."

அவள் கத்தரியை எடுத்துக்கொண்டாள்.



ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜீப் வந்தது.

முதல் பூசை முடிந்து பெண்கள் கோயில் சேலையோடு வந்து தென்னைமர வரிசையின் கீழே நின்றிருந்தார்கள். ரோசிலி தன் இரண்டு மகள்களின் கையையும் பிடித்திருந்தாள். மணல் பெருக்கிச் சுத்தமாகக் கிடந்தது. ஒரு மீன் இல்லை, ஒரு ஓலைப்பாய் இல்லை.

அதிகாரியின் கையில் பொன்னுலிங்கத்தின் படம் இருந்தது. ரோட்டில் நின்றபடியே படத்தைப் பார்த்தார். கரையைப் பார்த்தார்.

"அப்படியே இருக்கு பாருங்க சார்," என்றார் கம்பெனிக்காரர்.

இந்தப் பெண்கள் இருக்கிறார்களே என்று அதிகாரி கேட்டார். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தவர்கள் சார், இவர்களைப் பார்த்தால் மீன் காயப்போடுகிறவர்கள் மாதிரியா இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார் கம்பெனிக்காரர். அதிகாரி பேனாவை எடுத்தார்.

பாவிகளா, ஒரு ஊரையே தின்னப் பார்க்கிறீர்களே என்று கத்த வேண்டும் போல இருந்தது பொன்னுலிங்கத்துக்கு. கத்தினால் என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். ஆதாரம் அவர்கள் கையில் இருந்தது, அவர் எடுத்துக் கொடுத்தது. கண் கலங்கிக் கரை முழுக்க மங்கலாகத் தெரிந்தது. அவர் ஓரடி முன்னால் வைத்தார்.

வியாகுலம் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"பொறுங்க. உள்ள வரட்டும்."

வந்ததற்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிடலாம் என்று அதிகாரி ரோட்டை விட்டு மணலில் இறங்கினார். கம்பெனிக்காரர் கூடவே இறங்கினார். கிழக்கே வெயில் நன்றாக ஏறியிருந்தது. மணல் சூடாகத் தொடங்கியிருந்தது.

பத்தடி நடந்தார்கள். இருபதடி நடந்தார்கள்.

கரையின் நடுவில் அதிகாரி நின்றுவிட்டார். முகம் சுருங்கியது. பையில் கை விட்டுக் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். கம்பெனிக்காரர் கைக்குட்டை கொண்டுவரவில்லை. அறிக்கையால் பொத்திக்கொண்டார்.

"ஏங்க, யாரும் வராத இடம்னு சொன்னீங்க," என்றார் அதிகாரி, துணிக்குள்ளிருந்து. "இங்க என்ன இப்படிக் கருவாட்டு நாத்தம் அடிக்குது?"



வியாகுலம் முழங்கையை விட்டாள்.

"இப்ப எடுங்க அண்ணாச்சி."