எயினியின் வடிதுணி

தண்ணீரை வடிகட்டி முடித்ததும் அந்தத் துணியை நீங்கள் என்ன செய்வீர்கள்? உதறிக் கொடியில் போடுவோம், வேறென்ன செய்வோம். எயினியும் அதைத்தான் செய்தாள்.

கடல் தெரியும் ஒரு குன்றின்மேல் புத்தர் வழியில் துறவு பூண்ட பெண்கள் சேர்ந்து வாழும் பள்ளி ஒன்று இருந்தது. பன்னிரண்டு பேர். கடைசியாக வந்தவள் எயினி. புருஷன் போனபின் முப்பது வருஷம் பருத்தி நூற்றுப் பிழைத்தவள். வயது ஐம்பத்தைந்து. அவளுடைய குரு நந்தமித்தைக்கோ முப்பத்துமூன்றுதான். துறவில் யார் முந்தியோ அவரே மூத்தவர் என்பது அங்கே வழக்கம்.

அடிவாரத்தில் மோர் விற்கிறவள் இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணுவாள். மகள் வயசுக்காரியைத் தாயே என்கிறாயே, நாக்குக் கூசவில்லையா என்பாள். துறவில் நான் பிறந்தே மூன்று வருஷம்தான் ஆகிறது, அப்போது அவள்தானே தாய் என்பாள் எயினி.

குடிக்கிற தண்ணீரில் ஒரு சிற்றுயிரும் சாகக்கூடாது என்பது துறவிகளின் விதி. அதனால் ஆளுக்கொரு வடிதுணி வைத்திருப்பார்கள். எயினி வந்த பிறகு பன்னிரண்டு துணிக்கும் அவள்தான் நூல் நூற்றாள். அத்தனை மெல்லிய நூல், அத்தனை நெருக்கமான நெசவு. தண்ணீர் கொண்டுவரும் வேலையும் அவளுடையதே. அறுபது படி இறங்கிக் குளத்தில் மொண்டு, மேலே கொண்டுவந்து வடிகட்டுவாள்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் வந்தது. மழை விட்டும் இருமல் விடவில்லை. ஒருநாள் சளியோடு ரத்தமும் வந்தது. நாடி பார்த்த வைத்தியர், அடுத்த மழையைப் பார்ப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாவுக்கு அவள் பயப்படவில்லை. விடுதலை கிடைக்காமல் செத்து, மறுபடியும் பிறந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமே என்றுதான் பயந்தாள். ஈழத்தில் ஒரு மூதாட்டி இருக்கிறாராம், அவரிடம் போனவர்கள் சீக்கிரம் கரையேறுகிறார்களாம் என்று யாரோ சொன்னார்கள். கப்பல் ஒன்றும் துறையில் நின்றது. மூன்றாம் சங்கு ஊதியதும் பாய் விரிப்பார்கள். அதில் போவதென்று எயினி முடிவு செய்தாள்.

முதல் சங்கு ஊதியபோது அவள் கடைசியாக ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வடிகட்டி வைத்தாள். அவளைக் கப்பலில் கொண்டுபோய் ஏற்ற வந்த படகுக்காரன் வாசலில் காத்திருந்தான். ஈரத் துணியோடு குருவிடம் போய் வணங்கினாள்.

"போய் வருகிறேன் தாயே. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இந்தப் பிறவியிலேயே எனக்கு விடுதலை உண்டா? ஒரு விதியையும் நான் மீறியதில்லை. மூன்று வருஷத்தில் ஒரு புழுகூட என் வயிற்றுக்குள் போகவில்லை."

நந்தமித்தை கையை நீட்டினாள்.

"அந்தத் துணியைக் கொடு."

எயினி கொடுத்தாள். நந்தமித்தை அதை உள்ளங்கையில் விரித்தாள். வெள்ளைத் துணியில் நூல் நுனி அளவுக்குச் சிவப்பாக ஏழெட்டுப் புழுக்கள் நெளிந்தன.

"இவை இனி எங்கே போகும்?"

எயினிக்குக் கேள்வி புரியவில்லை.

"வந்த புதிதில் இந்தத் துணியை என்ன செய்வாய்?"

"வடிகட்டிய கையோடு கீழே போய்க் குளத்திலேயே அலசிவிட்டு வருவேன்."

"இப்போது?"

"இருமல் வந்தபிறகு முடியவில்லை தாயே. இரண்டாம் தரம் இறங்கி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தியானத்துக்கு இருக்கிற நேரமும் போய்விடுகிறது. அதனால்..."

கொடியைப் பார்த்தாள். நேற்று வடிகட்டிய இன்னொரு துணி அங்கே காய்ந்து விறைத்துக் கிடந்தது. நந்தமித்தை எழுந்துபோய் அதை எடுத்து, எயினியின் கையில் வைத்தாள். எயினி விரலால் தடவினாள். சிவப்புத் தூசி போல ஏதோ உதிர்ந்தது.

எத்தனை நாள் என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை. இருமல் வந்த நாளிலிருந்து நேற்றுவரைதான்.

இரண்டாம் சங்கு ஊதியது. படகுக்காரன், அம்மா நேரமாகிறது, காற்று உங்களுக்காக நிற்காது என்று குரல் கொடுத்தான்.

நந்தமித்தை ஒரு மண்கலயத்தில் தண்ணீர் ஊற்றி, ஈரத் துணியை அதில் மெல்ல இறக்கினாள்.

"நான் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன். நீ படகுக்குப் போ."

எயினி கலயத்தை வாங்கிக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கவில்லை.

இருபதாவது படியில் இருமல் வந்தது. கலயம் தளும்பாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இருமி முடியும்வரை உட்கார்ந்தாள். நாற்பதாவது படியில் மறுபடியும் உட்கார்ந்தாள். நந்தமித்தை பின்னாலேயே வந்தாள். கை கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. படகுக்காரன் தலையில் அடித்துக்கொண்டு துறைப் பக்கம் நடந்தான்.

கடைசிப் படியில் முழங்கால் வரை தண்ணீரில் நின்று, கலயத்தைக் குருவிடம் கொடுத்துவிட்டு, எயினி துணியை எடுத்துக் குளத்தில் விரித்து அலசினாள். சிவப்பு நுனிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து பாசிக்குள் போயின. அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். குழந்தைக்குத் தலை அலசுகிறவள்போல அவள் கை நிதானமாகப் போய் வந்தது.

மூன்றாம் சங்கு ஊதியது. எயினி நிமிரவில்லை.

"கப்பல் போகிறது, எயினி," என்றாள் நந்தமித்தை. "என்னிடம் ஒன்று கேட்டாயே. அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை."

"அது இருக்கட்டும் தாயே. கலயத்தின் அடியில் ஒன்று தங்கிவிட்டது பாருங்கள். கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள்."